மண்டியிடாத கோர்னல்கள்

மிஸ் கோர்னல் இறந்தபோது அவர்களுடைய கத்தோலிக்கக் கோயில் பத்திரிகையில் நாலு வரி போட்டிருந்தார்கள். நெசவாலையிலும் பிறகு பள்ளிக்கூடச் சமையலறையிலும் வேலை பார்த்தவர், வாழ்நாள் முழுக்கப் பீடத்துணிகளை வெளுத்துக் கொடுத்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர், விசுவாசத்தில் உறுதியானவர். எல்லாம் உண்மைதான். ஆனால் பிடிவாதம் என்ற சொல்லை எங்கேயும் காணோம். அந்தச் சொல் இல்லாமல் அவரைப் பற்றி எழுதுவது உப்பில்லாமல் சமைப்பது மாதிரி. ஆகவே நான் எழுதுகிறேன். நான் அவர்கள் கோயிலைச் சேர்ந்தவன் இல்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமை யாரும் என்னைப் பிடித்து உலுக்கவும் முடியாது.

என் பெயர் எர்னஸ்ட். ரயில்வேயில் சிக்னல்காரன். மியர்தோர்ப் ஊர்ச் சர்ச்சின் வார்டனும் நான்தான். அதாவது கூரை ஒழுகினால் வாளி வைப்பதும் சாவிக்கொத்தைச் சுமப்பதும் என் தலையில். பக்தியில் நான் சுமார். எங்கள் ஊரில் பாதிப் பேர் இங்கிலாந்துச் சபை, மீதிப் பேர் ஆர்.சி. வட இங்கிலாந்தில் பிரஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் இது சகஜம். நாடே புராட்டஸ்டண்டாக மாறிய காலத்தில் மாறாமல் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் அந்த ஆர்.சி.க்காரர்கள். அதில் அவர்களுக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வத்தைக் கேலி செய்வதில் எங்களுக்கு ஒரு சுகம். எங்கள் சர்ச்சும் அவர்கள் கோயிலும் ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கின்றன. அவர்கள் கோயிலை அந்தக் காலத்தில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று வைக்கோல் கொட்டகை மாதிரிக் கட்டினார்கள். இப்போதும் கொட்டகை மாதிரியே இருக்கிறது.

மிஸ் கோர்னலின் பெயர் வினிஃப்ரெட். அவரை வின்னி என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சமிருந்தாள், தங்கை ஹில்டா. அந்த ஹில்டாவோடு அவர் நாற்பது வருஷமாகப் பேசவில்லை.

வெளியூரில் இருந்து பேசாமலிருந்தால் அது ஒரு பெரிய விஷயமில்லை. ஹில்டா வீடு தெருவின் இந்தப் பக்கம், மிஸ் கோர்னல் வீடு அந்தப் பக்கம், நடுவில் ஒரு தபால்பெட்டி. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் வெண்ணெய் பை வேகும் வாசனை வரும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெண்ணெயும் மாவுக்குள் வைத்து மூடிச் சுடுகிற அந்த பை, வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத ஆர்.சி.க்காரர்களின் பண்டம். ஹில்டா எங்கள் சர்ச்சுக்கு வந்து நாற்பது வருஷமாகியும் அதை விடவில்லை.

பிரிந்த கதை சின்னதுதான். சிறுவயதில் இரண்டு பேரும் ஒரே ஆலையில் பக்கத்துப் பக்கத்துத் தறிகளில் நின்றார்கள். தறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. அதனால் எங்கள் பக்கத்து நெசவுப் பெண்கள் எல்லோரும் உதட்டாலேயே பேசுவார்கள். வாயை அகலமாகத் திறந்து, புருவத்தையும் சேர்த்து ஆட்டி, ஒரு சத்தமும் இல்லாமல் ஊர் வம்பு முழுவதையும் பேசி முடிப்பார்கள். என் அம்மாவும் நெசவுக்காரிதான், எனக்கும் கொஞ்சம் உதடு படிக்க வரும். சாயங்காலம் தறி நிற்கும் முன்பே ஹில்டா தன் அக்காவைப் பார்த்து, "நேரமாச்சு, வீட்டுக்கு வா" என்று உதட்டை அசைப்பாளாம். தினமும் அதே வார்த்தை.

அப்புறம் ஹில்டா, சர்ச்சில் மணியடிக்கும் சிட்னி பில்லிங்கைக் காதலித்தாள். சிட்னி நல்ல பையன். ஆனால் புராட்டஸ்டண்ட். கல்யாணம் எங்கள் சர்ச்சில். அந்தக் காலத்தில் ஆர்.சி. பெண்ணுக்கு அது கல்யாணமே இல்லை. அவர்கள் அப்பா, கிழவர் கோர்னல், மேஜையைக் குத்தினார். "நம்ம வீட்டு ஆளு ஒருத்தரும் அந்த வாசப்படிய மிதிச்சதில்ல. அதுக்காக ஜெயிலுக்குப் போனாங்க, அபராதம் கட்டினாங்க, மிதிக்கல." ஹில்டா அப்பாவிடம் கெஞ்சவில்லை. அக்காவிடம் மட்டும் கேட்டாள். "என் பக்கத்துல ஒரு ஆளு நின்னு சாட்சிக் கையெழுத்து போட்டா போதும், வின்னி. நீ மண்டியிட வேணாம், ஜெபம் சொல்ல வேணாம். சும்மா நில்லு."

அக்கா அப்பா சொன்னதையே திருப்பிச் சொன்னார். "நம்ம வீட்டு ஆளு ஒருத்தரும் மிதிச்சதில்ல. நான் மட்டும் மிதிக்கவா?"

ஹில்டா முன் பெஞ்சில் ஒரு இடம் விட்டுவைத்திருந்தாள். அந்த இடம் காலியாகவே கல்யாணம் நடந்தது. அதன் பிறகு எத்தனையோ முறை நான் பார்த்திருக்கிறேன். ஹில்டா தன் ஜன்னலருகே நிற்பாள். எதிரே அக்கா வாசல் கழுவுவார். ஹில்டா உதட்டை அசைப்பாள், "வீட்டுக்கு வா." மிஸ் கோர்னல் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பார்த்தால் புரிந்துவிடும், அதனால் பார்க்கமாட்டார். இப்படியும் ஒரு அழுத்தமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

இந்த நிலையில்தான், 1975-இல், அவர்கள் கோயிலுக்கு இருநூறாவது ஆண்டு வந்தது. ஃபாதர் டெவ்லின் என்ற ஐரிஷ் சாமியார், ஆள் புதுசு, சுறுசுறுப்பு. பழைய குடும்பங்கள் ஒவ்வொன்றும் தங்கள் வம்சவரிசையை எழுதிக் கொடுத்தால் சுவரில் மாட்டலாம் என்றார். கோர்னல்தான் மூத்த குடும்பம். மிஸ் கோர்னல் அவர்கள் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தார். மூதாதையர்களான தாமஸ் கோர்னலுக்கும் எலனுக்கும் பிறந்த ஆறு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். தாமஸும் எலனும் கல்யாணம் செய்த குறிப்பு மட்டும் இல்லை. தாமஸின் மகனுக்கும் அதே கதை. பிள்ளைகள் உண்டு, கல்யாணம் இல்லை.

பூசை முடிந்து தேநீர் குடிக்கிற இடத்தில் வெரோனிகா ஸ்வார்பிரிக் வாயைத் திறந்தாள். அவளும் பழைய குடும்பம், கோர்னல்களுக்கு இரண்டாவது இடத்தில் இருப்பதைப் பொறுக்காதவள்.

"ஆறு புள்ளைக்கும் ஞானஸ்நானம் ஆயிருக்கு. கல்யாணம் மட்டும் காத்துல நடந்துச்சோ, மிஸ் கோர்னல்?"

"உங்க வீட்டுது மட்டும் இருக்கா, வெரோனிகா?"

"நான் இன்னும் தேடவே இல்லையே. தேடினாத்தானே காணாமப் போகும்."

மிஸ் கோர்னல் அன்றிலிருந்து தூங்கவில்லை என்று ஊரில் சொன்னார்கள். பஸ் பிடித்து பிரஸ்டன் போனார். லங்காஸ்டர் போனார். பழைய குருமடங்களுக்குக் கடிதம் எழுதினார். ஆர்.சி. கல்யாணம் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்குமோ அங்கெல்லாம் தேடினார். வீட்டுக்கு எதிரே, என் சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு சாவிக்குப் பின்னால் இருந்த எங்கள் சர்ச் கல்யாணப் புத்தகத்தில் மட்டும் தேடவில்லை. மியர்தோர்ப்பில் ஒரு ஆர்.சி.க்காரர் மட்டும்தான் இப்படித் தேட முடியும்.

இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஊரில் யார் கல்யாணம் செய்தாலும் இங்கிலாந்துச் சபைச் சர்ச்சில்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது, பிள்ளைகளுக்குச் சொத்தும் இல்லை. அதனால் ஆர்.சி.க்காரர்கள் விடியற்காலையில் தங்கள் சாமியார் முன்னால் ஒரு முறை கல்யாணம் செய்துகொண்டு, அப்புறம் தெருவைக் கடந்து எங்கள் போதகர் முன்னால் இன்னொரு முறை செய்துகொள்வார்கள். முதலாவது கடவுளுக்கு, இரண்டாவது அரசாங்கத்துக்கு. முதலாவதை எழுதி வைத்தால் சாமியாருக்கே தலைவலி, அதனால் எழுதவில்லை. இரண்டாவது எங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பின்னால் சட்டம் மாறியது, அவரவர் கோயிலிலேயே செய்துகொள்ள ஆரம்பித்தார்கள். இரண்டு தலைமுறை போனதும், என்றைக்குமே அப்படித்தான் செய்ததாக ஒரு நினைப்பு ஊறிவிட்டது.

ஃபாதர் டெவ்லின் இதை மிஸ் கோர்னலிடம் முதல் வாரமே சொல்லியிருக்கிறார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு இடமில்லை என்று ஆன பிறகு, ஆகஸ்ட் கடைசியில், ஒரு மழை நாளில் எங்கள் சர்ச் கேட்டுக்கு வெளியே குடையோடு வந்து நின்றார். நான் உள்ளே வாளியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"எர்னஸ்ட்! அந்தப் பழைய புத்தகத்த இங்க எடுத்துட்டு வா."

"மழைல எப்படிங்க எடுத்துட்டு வர்றது? அது அந்த ரூமை விட்டு வெளிய வரக்கூடாது."

"அப்ப நீயே பாத்துட்டு வந்து சொல்லு."

போனேன். தேடினேன். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தாலும் கிடைத்தது. திரும்பி வந்து சொன்னேன். "தாமஸ் கோர்னல், எலன் காட்டம். ரெண்டு பேரும் இந்த ஊரு. இங்கதான் நடந்திருக்கு."

"பொய்."

"பொய் சொல்லி எனக்கு என்னங்க ஆகப்போவுது?"

"ஊருல எத்தனை தாமஸ் கோர்னல் இருந்திருப்பான்! அவன் வேற யாரோ. உங்க ஆளா இருப்பான்."

"எங்க ஆளுல கோர்னல் எவனும் இல்லையே."

அவர் குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நனைந்துகொண்டு நானும் நின்றேன். பிறகு தெருவைக் கடந்து ஃபாதர் டெவ்லின் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை ஃபாதரே பிறகு என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எங்கள் சர்ச்சில் நுழைவது பாவமா என்று மிஸ் கோர்னல் கேட்டிருக்கிறார். "மிஸ் கோர்னல், மழைக்கு ஒதுங்குறது பாவம்னா அயர்லாந்துல ஒருத்தருக்கும் மோட்சம் கிடையாது" என்றாராம் ஃபாதர்.

மறுபடி வந்தார். வாசப்படிக்கு முன்னால் நின்றார். குடையை மடக்கினார், உதறினார், மறுபடி உதறினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது உள்ளே இருந்தார்.

பீடத்துக்குப் பக்கத்து அறையில் மேஜை விளக்கைப் போட்டுப் புத்தகத்தை அவர் முன்னால் திறந்து வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தாமஸ் ஒரு சிலுவைக் குறி போட்டிருந்தான். எலன் ஒரு சிலுவைக் குறி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் போடுவது. ஓரத்தில் அந்தக் காலத்துப் போதகர் கோபமாக எழுதியிருந்தார், பேனா காகிதத்தைக் கீறியிருந்தது. நான் விரலை வைத்து வாசித்தேன். "இவர்கள் போப்பின் ஆட்கள். மண்டியிடச் சொல்லியும் இருவரும் மண்டியிட மறுத்து நின்றுகொண்டே இருந்தனர்."

மிஸ் கோர்னல் சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. தோள் குலுங்க, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அது எங்க ஆளுதான்" என்றார். "சந்தேகமே இல்ல. கோர்னலேதான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. விஷயம் முடிந்தது, வெரோனிகா வாயை அடைக்கலாம், நான் வாளிக்குப் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் விரல் கீழே இறங்கியது. சாட்சிகளின் இடம். ஒன்று சர்ச் குமாஸ்தா. அந்த ஆள் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். இன்னொன்று ஒரு சிலுவைக் குறி. அதன் பக்கத்தில் குமாஸ்தாவின் எழுத்தில் "ஆலிஸ் காட்டம்" என்று பெயர்.

"ஆலிஸ்" என்றார். "எலனோட அக்கா. எங்க புத்தகத்துல ஞானஸ்நானம் இருக்கு. ரெண்டு வயசு மூத்தவ."

நான் பக்கங்களைத் திருப்பினேன். தாமஸின் மகன், மகள், மகள். எல்லோரும் இங்கேதான். ஒவ்வொரு கோர்னல் கல்யாணத்திலும் சாட்சி இடத்தில் வீட்டு ஆள் ஒருவர் வந்து நின்றிருந்தார். அண்ணன், சித்தப்பா, தங்கை. எல்லோரும் ஆர்.சி. எல்லோரும் அந்த வாசப்படியை மிதித்தவர்கள்.

"எர்னஸ்ட். முப்பத்தஞ்சாம் வருஷத்துப் புத்தகம் எங்க?"

அதை எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். கொடுத்தேன். அவரே பக்கத்தைக் கண்டுபிடித்தார். சிட்னி பில்லிங், ஹில்டா கோர்னல். முதல் சாட்சி சிட்னியின் தம்பி. இரண்டாவது, வில்லியம் ஹார்ட்லி.

"இது யாரு?"

"எங்க அப்பா."

"உங்க அப்பா கல்லறைக்குக் குழி தோண்டுறவருல்ல?"

"ஆமாங்க. பொண்ணு பக்கத்துல ஆளில்லன்னா அவரத்தான் கூப்பிடுவாங்க. அன்னைக்கு வெளிய ஒரு குழி வெட்டிட்டு இருந்தாராம். கையக் கழுவிட்டு வந்து போட்டுட்டுப் போனாரு."

மிஸ் கோர்னல் என் அப்பாவின் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாற்பது வருஷ எரிச்சலுக்கு நடுவில் அது எனக்கே ஆச்சரியம்.

"ஆலிஸ் வந்து நின்னிருக்கா" என்றார். "எழுதப் படிக்கத் தெரியாது. போதகர் கத்தியிருப்பாரு. இருந்தாலும் தங்கச்சி பக்கத்துல நின்னிருக்கா." புத்தகத்தை மூடினார். "நான் கொள்கைன்னு நினைச்சேன், எர்னஸ்ட். எங்க ஆளுங்க கொள்கை இது இல்லியே."

எழுந்தவர் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தார். செப்டம்பரில் சிட்னிக்கும் ஹில்டாவுக்கும் நாற்பதாம் ஆண்டு ஆசீர்வாத ஜெபம், வெள்ளிக்கிழமை, மணியடிப்பவர்கள் முன்னதாக வரவும் என்று நான்தான் எழுதி ஒட்டியிருந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஹில்டா என்னிடம், "அவ வரமாட்டா. இருந்தாலும் முன் பெஞ்சுல ஒரு இடம் விட்டு வை, எர்னஸ்ட்" என்று சொல்லியிருந்ததையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீம்புக்கென்றே வராமலிருந்துவிடுவாரோ என்று பயம்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே மிஸ் கோர்னல் வம்சவரிசையை எழுதி முடித்துவிட்டார். கல்யாணம் நடந்த இடம் என்று அந்தப் பழைய ஆட்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் சர்ச் பெயரையே போட்டிருந்தார். வெரோனிகா பார்த்துவிட்டு, "அடக் கடவுளே, எல்லாம் புராட்டஸ்டண்ட் சர்ச்சா!" என்று நெஞ்சில் கை வைத்தாளாம். "உங்க ஆளுங்களும் அங்கதான் இருக்காங்க, வெரோனிகா" என்றாராம் மிஸ் கோர்னல். "நான் பாத்தேன். உங்க ஆளுங்க மண்டியிட்டிருக்காங்க."

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகமில்லை. மணியடிப்பவர்கள், சிட்னியின் தம்பி குடும்பம், அக்கம்பக்கத்தார். முன் பெஞ்சில் ஒரு இடம் காலி. பாட்டு பாதியில் இருக்கும்போது பின்கதவு திறந்தது. மிஸ் கோர்னல் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, நடுவழியில் நேராக நடந்து வந்தார். பக்கவாட்டில் ஒதுங்கி வர அவருக்குத் தெரியாது. முன் பெஞ்சு வரை வந்து, அந்தக் காலியிடத்தில் உட்காராமல், ஹில்டாவின் பக்கத்தில் போய் நின்றார். சிட்னி வாயைப் பிளந்தபடி பாட்டை விட்டுவிட்டார்.

போதகர், "ஜெபிப்போமாக" என்றார். எல்லோரும் மண்டியிட்டோம். சிட்னியும் ஹில்டாவும் முட்டி வலியோடு மெத்தையில் இறங்கினார்கள். மிஸ் கோர்னல் மட்டும் நின்றார். ஹேண்ட்பேக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பீடத்துக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு, ஜெபம் முடியும்வரை கல்லாட்டம் நின்றார். போதகர் ஒரு முறை ஓரக்கண்ணால் பார்த்தார். நல்லவேளை, எதையும் ஓரத்தில் எழுதி வைக்கவில்லை.

ஆசீர்வாதம் முடிந்தது. எல்லோரும் கை குலுக்கினார்கள். அக்காவும் தங்கையும் மட்டும் ஒருவரையொருவர் பார்க்காமல் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். மிஸ் கோர்னல் ஹேண்ட்பேக்கைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தார். புதுப் பேனா, பெட்டியோடு வாங்கியது. மூடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"எங்க போடணும், எர்னஸ்ட்?"

"இதுக்கு... கையெழுத்து கிடையாதுங்க, மிஸ் கோர்னல். இது வெறும் ஜெபம்தான். புத்தகம் கல்யாணத்தன்னைக்கு மட்டும்தான். அப்புறம் அதுல யாரும் ஒண்ணும் சேக்க முடியாது."

"முடியாதா?"

"முடியாதுங்க."

அவர் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். இந்த ஒரு விஷயத்தை அவர் யோசிக்கவில்லை. படியை மிதித்துக் கையெழுத்தும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வந்திருக்கிறார். நான் கூரை ஒழுகும் இடத்தைப் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தபோது ஹில்டா தன் அக்காவுக்கு எதிரே வந்து நின்றிருந்தாள். மேலே கோபுரத்தில் மணிகள் அடிக்க ஆரம்பித்திருந்தன, பேசினால் கேட்காது. அவள் பேசவும் இல்லை. வாயை அகலமாகத் திறந்து, புருவத்தைத் தூக்கி, உதட்டை மட்டும் அசைத்தாள். எனக்கு உதடு படிக்கத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா.

"நேரமாச்சு, வின்னி. வீட்டுக்கு வா."

இந்தத் தடவை மிஸ் கோர்னல் முகத்தைத் திருப்பவில்லை. பேனாவுக்கு மூடி போட்டு என் கையில் திணித்தார். பிறகு அவருடைய உதடும் அசைந்தது, நாற்பது வருஷம் பழகாத உதடு.

"வர்றேன்."